ஒரு சிட்டிகை உப்பு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான என் கணவர் ஜோசுவாவுக்கு, உங்கள் நதியா எழுதுவது.

இங்கே நானும் அத்தையும் சுகம். அத்தைக்கு முட்டிவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. தோஹாவில் வெயில் கொளுத்துகிறதாம். ஏசி பழுது பார்க்க மொட்டைமாடி ஏறும்போது தலைக்குத் துண்டு கட்டாமல் ஏறாதீர்கள்.

லோகேஸ்வரன் அண்ணன் லீவு முடிந்து அங்கே திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே "விட்டுடு நதியா" என்று முடித்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

மாணிக்கவாசகம் தன் தண்ணீர் மெஷின் கடையை மூடிவிட்டான். 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை, மன்னியுங்கள். போன மாதம் பெயர்ப்பலகையை இறக்கினார்கள். எதிரே இருக்கிற ஜூஸ் கடையில் உட்கார்ந்து, பலகையை வண்டியில் ஏற்றும்வரை பார்த்தேன். சாத்துக்குடி ஜூஸ் அவ்வளவு இனிப்பாக நான் குடித்ததே இல்லை.

பள்ளிக்கூடத்தில் நடந்ததை உங்களிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். போன வருடம் பெற்றோர் கூட்டத்துக்கு அவன் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்க வந்தான். ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் மெஷின் தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தான். குழாய்த் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் சாக்கடை நிறமாகிவிட்டது, மெஷின் தண்ணீர் அப்படியே இருந்தது. உங்கள் பிள்ளைகள் தினமும் இந்த விஷத்தைத்தான் குடிக்கிறார்கள் என்றான். நம் பக்கத்து வீட்டு கங்கையம்மாள் அந்த வாரமே கம்மலை அடகு வைத்து மெஷின் வாங்கினாள்.

நான் எழுந்து, அந்த நிறம் தண்ணீரிலிருந்து வரவில்லை, இரும்புக் கம்பி கரைந்து வருகிற துரு என்று சொன்னேன். மெஷின் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் கரண்ட் சரியாகப் பாயவில்லை, அவ்வளவுதான் என்றேன். அவன் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "மிஸ் எந்தத் தெரு?" என்று மட்டும் கேட்டான்.

பள்ளித் தாளாளர் அவனுடைய மைத்துனர். திங்கட்கிழமை காலை பிரார்த்தனைக் கூட்டத்தில் என் கையில் மைக்கையும் ஒரு தாளையும் கொடுத்தார்கள். நான் சொன்னது தவறான அறிவியல் என்று அறுநூறு பிள்ளைகள் முன்னால் வாசித்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று அவர்களுக்கு நடத்தியவளே நான்தான். அன்று சாயங்காலம் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். உங்களிடம் சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்று சொன்னது பொய்.

அதற்குப் பிறகு செல்போனில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்கினேன். ஃப்ரிட்ஜ் எப்படிக் குளிர்கிறது, ரிமோட் எப்படி டிவியோடு பேசுகிறது, குக்கர் ஏன் விசில் அடிக்கிறது என்று வீட்டிலிருக்கும் பொருள்களை வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஏசி பாடத்துக்கு நீங்கள்கூட அங்கிருந்து உதவினீர்கள். ஒன்பது பிள்ளைகளோடு ஆரம்பித்தது, வெளியூர்ப் பிள்ளைகளும் சேர்ந்து இருநூற்று நாற்பதாகிவிட்டது. பிள்ளைகள்மேல் உள்ள ஆசையில் செய்கிறேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். ஆசை பிறகு வந்தது. ஆரம்பித்தது அவனுக்காக. என் பாடத்தை ஊர் நம்புகிற நாள் வரட்டும் என்று ஒன்பது மாதம் காத்திருந்தேன்.

மூன்றாவது மாதத்தில் ஜீவிதா என்று ஒரு பெண் சேர்ந்தாள். எட்டாம் வகுப்பு. கெட்டிக்காரி. பட்டுத்தறியில் மாட்டுகிற அட்டையின் ஓட்டைகள் எந்த இழையைத் தூக்குவது என்று எப்படிச் சொல்கின்றன என்பதைப் பக்கத்துத் தறிவீட்டில் போய்ப் படம் எடுத்து வந்து காட்டினாள். கோயம்புத்தூர் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பதிவுப் படிவத்தில் அப்பா பெயர் மாணிக்கவாசகம், முகவரி சின்ன காஞ்சிபுரம் என்று இருந்தது. படித்துவிட்டு மூடி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

நான் காத்திருந்த அந்த ஞாயிறு வந்தது. ஒன்பது வோல்ட் பேட்டரி, இரண்டு இரும்பு ஆணி, பென்சிலுக்குள் இருக்கிற கரிக்குச்சி இரண்டு எடுத்துக்கொண்டு பெரியவர்கள் யாரையாவது பக்கத்தில் உட்கார வைக்கச் சொன்னேன். குழாய்த் தண்ணீரில் ஆணியை விட்டால் அரைமணியில் பழுப்பாகிறது. அதே தண்ணீரில் கரிக்குச்சியை விட்டால் வெறும் குமிழிதான். பிறகு, வீட்டில் மெஷின் தண்ணீர் இருந்தால் அதில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு ஆணியை விடுங்கள் என்றேன். யார் பெயரையும் நான் சொல்லவில்லை.

ஜீவிதாவின் டம்ளரும் பழுப்பானது. திரையில் அவளுக்குப் பின்னால் அவன் நின்றிருந்தான். அவள் திரும்பி, "ஏன்பா, உப்பு போட்டா நம்ம மெஷின் தண்ணியும் இப்படித்தான் ஆவுது. நீ எல்லார் வீட்லயும் இதத்தான செஞ்சுக்கினு இருந்த?" என்று கேட்டாள். குற்றம் சாட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவன் கை நீண்டு போனை அணைத்தது.

அந்த வகுப்பின் வீடியோ பதிவை நான் வெட்டாமல் அப்படியே வகுப்பின் இணையப் பக்கத்தில் போட்டேன். இரண்டு நாளில் ஊர் முழுக்கப் போய்விட்டது. மெஷினைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் கடைக்குப் போனார்கள், முதல் ஆளாகக் கங்கையம்மாள். தாளாளர் போன் செய்து வேலைக்குத் திரும்ப வரச் சொன்னார். அதே மேடையில், அதே மைக்கில், நான் எழுதித் தருகிற தாளை அவர் வாசித்தால் வருகிறேன் என்றேன். இன்னும் பதில் இல்லை.

ஜீவிதா அடுத்த வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளை டம்ளர் என்று கூப்பிடுகிறார்களாம். பதிவை எடுத்துவிட்டேன், ஆனால் ஊரில் எல்லோர் போனிலும் அது இருக்கிறது. நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள்தான் கதவைத் திறந்தாள். உள்ளே கூப்பிடவில்லை. "நான் கிளாஸ்ல இருக்கறது தெரிஞ்சுதான் மிஸ் உப்பு போடச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

அந்தப் பிள்ளையிடம் பொய் சொல்ல முடியவில்லை. ஆமாம் என்றேன்.

"சரிங்க மிஸ்," என்று சொல்லிவிட்டு மெதுவாகக் கதவைச் சாத்தினாள்.

அவனுக்காக நான் வருத்தப்படவில்லை. நாளைக்கே வேறு பெயரில் கடை போட்டாலும் மறுபடியும் இதையே செய்வேன். இதை நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டாலும் சரி.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். தினமும் ஜெபத்தில் ஜீவிதாவின் பெயரைச் சொல்லுங்கள். நான் முழங்காலில் நின்றால் அவள் அப்பாவின் பெயர்தான் முதலில் வருகிறது.

ஆண்டவர் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உங்கள்
நதியா