மகளுக்கு வாங்கின வாட்ச்

வெள்ளி, இரவு.

ஓட்டம், சைக்கிள், நீச்சல் மூணுக்கும் ஒரே ஜிபிஎஸ் வாட்ச் வேணும்னு கவிதா கேட்டா. இன்னைக்கு டவுனுக்குக் கூட்டிப் போனேன். அவளுக்கு வேகம் தெரியணும். எனக்கு, தெல்தெனிய நீர்த்தேக்கத்துல அவ எங்க நீந்துறான்னு தெரியணும். அங்க நீந்த வேணாம்னு சொன்னா கேக்குற பிள்ளையா அவ?

கடைக்கார நானா நாலஞ்சு வாட்ச் எடுத்து வச்சார். "கரையில நிக்கிற எனக்கு இது அவளைக் காட்டுமா?"ன்னு கேட்டேன்.

"காட்டும். ஆனா மகள்ட போனும் அவகூட இருக்கணும்."

கவிதா சிரிச்சா. "நனைஞ்சிடும்னு போனை உங்ககிட்டதானே குடுப்பேன், அப்பா!"

வாங்கியாச்சு. இந்த ஞாயித்துக்கிழமையும் அவ நீந்தி முடிக்கிற வரைக்கும் அவ செருப்பையும் போனையும் புடிச்சுக்கிட்டு நிப்பேன். அந்தப் போன் காட்டப்போறது நான் நிக்கிற கரையைத்தான்.