கரடி பார்க்கப் போக இருந்தோம்

இன்று காலை மூதூர் இறங்குதுறையில் ஒரு பெண் பாலைப்பழம் விற்றுக்கொண்டிருந்தாள். ஓலைப்பெட்டி நிறைய மஞ்சள் நிறச் சின்னப் பழங்கள். சின்னத் தகரச் சுண்டால் அளந்து தாளில் சுற்றித் தந்தாள். லோஞ்சுப் படகுக்குக் காத்திருந்த நேரத்தில் இரண்டை எடுத்து வாயில் போட்டேன். இனிப்புக்குப் பின்னால் அந்தப் பால் உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டியது. உடனே உன் முகம் வந்தது.

நீ செத்துப்போய் மூன்று கிழமையாகிறது. எனக்குச் செய்தி வந்தபோது செத்தவீடு முடிந்துவிட்டது. யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை. உன் சாவை எனக்கும் சொல்லியனுப்ப வேண்டும் என்று உன் வீட்டில் யாருக்கும் தோன்றியிருக்காது, அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. இன்று பழத்தைத் தின்றபோது வந்ததும் அழுகை இல்லை, கோபம். இத்தனை வருடத்துக்குப் பிறகும், செத்துப்போன ஒருத்திமேல் இவ்வளவு கோபம் இருக்கிறதே என்று எனக்கே வெட்கமாயிருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பலுக்குத் தேயிலை ஏற்றும் கம்பனியின் கந்தோரில் நாம் இரண்டுபேரும் டைப்பிஸ்டுகள். ஒரே மேசையின் இரண்டு பக்கம். சாப்பாட்டு நேரத்தில் யன்னலோரம் இருந்து, பெட்டி சுமப்பவர்களைப் பார்த்தபடி சோற்றுப் பார்சலைப் பிரிப்போம். அப்படியொரு நாளில்தான் நீ உன் மாமாவின் கதையைத் தொடங்கினாய். அவர் வடக்கே, கொக்கிளாய்க்கும் அப்பால், காட்டுக்கந்தோரில் றேஞ்சர். காட்டுக்குள் ஒரு குளம், குளத்தருகே அவருடைய குவாட்டர்ஸ். சுற்றிலும் மனிதவாடை கிடையாது. மாமியும் அவரும்தான்.

"ஆனி மாசம் பாலை பழுக்கேக்க கரடி மரத்தில ஏறி இருந்து தின்னுமடி. வயிறு முட்டினாப் பிறகு இறங்க மனமில்லாமல் அங்கயே நித்திரை கொள்ளுமாம்."

நான் சோற்றுக் கையோடு அப்படியே இருந்துவிட்டேன். மரத்தில் நித்திரை கொள்ளும் கரடி! என் வாழ்க்கையில் நான் போயிருந்த ஆகத் தூரமான இடம் மட்டக்களப்பு. அதுவும் ஒரு செத்தவீட்டுக்கு.

அன்றிலிருந்து நமக்கு வேறு கதையில்லை. பஸ்ஸில் புல்மோட்டை வரை போவது, அங்கே மாமா ஜீப்போடு வந்து நிற்பது, காலையில் குளக்கட்டில் நடப்பது, மாலையில் யானை தண்ணீர் குடிக்க வருவதைப் பரணில் இருந்து பார்ப்பது. கரடி வந்தால் ஓடக்கூடாது, சத்தம்போட வேண்டும் என்று உன் மாமா சொன்னாராம். உப்புவெளிக் கடற்கரையில் ஆளில்லாத நேரம் பார்த்து இருவரும் கத்திப் பழகினோம். உன் கத்தலைக் கேட்டு வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் பயந்து ஓடிவந்தார்கள், நினைவிருக்கிறதா? காட்டுக்குச் சேலை சரிவராது என்று காக்கித் துணி வாங்கி, அம்மா கோயிலுக்குப் போகும் நேரங்களில் இரண்டு காற்சட்டை தைத்தேன். உனக்கொன்று, எனக்கொன்று. அப்பா கண்டால் எரித்துவிடுவார் என்று இரண்டையும் நீதான் உன் வீட்டில் ஒளித்து வைத்தாய்.

அப்பா விடமாட்டார் என்பது நமக்குத் தெரியும். மூதூர் மாப்பிள்ளை ஒருவரைப் பேசி, நான் பதில் சொல்லாமல் மாதக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்த நேரம் அது.

"கலியாணம் பேசிற பிள்ளை காடு மேடெல்லாம் திரியிறதோ?" என்று அப்பா முதலில் பாய்ந்தார். பிறகு கதிரையில் சாய்ந்தார். "சரி, ஒண்டு செய்வம். நீ மூதூர் மாப்பிள்ளைப் பகுதிக்கு ஓம் எண்டு சொல்லு. நான் காட்டுக்கு ஓம் எண்டு சொல்லுறன்."

குசினி வாசலில் நின்றபடி நான் ஓம் என்றேன். அவ்வளவுதான். என் கலியாணம் அப்படித்தான் முடிவானது.

மறுநாள் கந்தோரில் உன்னிடம் சொன்னபோது நீ டைப் அடிப்பதை நிறுத்திவிட்டாய்.

"விசரி! ஒரு கரடிக்காகவோ?"

"கரடிக்காக இல்லை. ஒருக்கா எண்டாலும் நான் ஆசைப்பட்ட இடத்துக்குப் போகவேணும். பிறகு அவையள் சொல்லுற இடத்துக்கெல்லாம் போறன்."

நீ மேசைக்கு மேலாக என் கையைப் பிடித்தாய். "நான் இருக்கிறனடி. கட்டாயம் போறம்."

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது நீ கண் சிவந்து வந்தாய். மாமாவுக்கு நெருப்புக்காய்ச்சலாம். முல்லைத்தீவு ஆசுப்பத்திரியில் கிடக்கிறாராம். மாமியும் அங்கேதானாம். "இப்ப ஏலாது. அடுத்த வருசம் பாப்பம்," என்றாய். உன்னைத் தேற்றியது நான். உன் மாமாவுக்காகக் காளிகோயிலில் விளக்கு வைத்தேன். நீ அவரைப் பார்க்கப் போகிறேன் என்று லீவு எடுத்தாய். அந்தக் கிழமை முழுவதும் உன் வேலையையும் சேர்த்து நானே அடித்துக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது வெயிலில் கறுத்திருந்தாய். ஆசுப்பத்திரிக்கு அலைந்த களை என்று நினைத்தேன். ஒரு சின்ன ஓலைப்பெட்டியில் பாலைப்பழம் கொண்டுவந்து தந்தாய்.

"வாற வழியில சந்தையில வாங்கினனான். உனக்கெண்டு."

கரடி தின்னும் பழமாவது கிடைத்ததே என்று அதைத் தின்றேன். உனக்கு நன்றியும் சொன்னேன்.

எனக்குக் கலியாணப் பதிவு எழுத்து முடிந்தது. கலியாணத்துக்கு நாளும் வைத்தாயிற்று. அந்த நாட்களில்தான் உன் மாமா, துறைமுகத்துக்கு மரம் அனுப்பும் அலுவலாக நம் கந்தோருக்கு வந்தார். நீ வங்கிக்குப் போயிருந்தாய். கந்தோரின் வங்கி வேலையெல்லாம் அப்போது நீயே கேட்டு வாங்கிச் செய்தாய். ஏனென்று நான் யோசித்ததில்லை. காக்கிச் சட்டையும் பெரிய மீசையுமாக அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"நீங்கள்தானே பிள்ளை, வெளிக்கிடுற நேரம் பாத்துக் காய்ச்சலில படுத்தது? இப்ப சுகமோ?"

எனக்கு விளங்கவில்லை. "உங்களுக்குத்தானே ஐயா காய்ச்சல்? நெருப்புக்காய்ச்சல் எண்டு..."

"எனக்கோ!" என்று சிரித்தார். "காட்டுத் தண்ணி குடிக்கிறவனுக்குக் காய்ச்சல் வராது பிள்ளை. நீங்கள் வந்திருக்கவேணும். அவையள் ரெண்டுபேரும் நல்லா ஓடித் திரிஞ்சவை. அந்த வங்கிக்காரத் தம்பியின்ர தங்கச்சி, செல்வி, அவவுக்குத்தான் காற்சட்டை நீளம். மடிச்சு மடிச்சு விட்டுக்கொண்டு திரிஞ்சவ. உங்களுக்கெண்டு எங்கட வீட்டுக்காரி பாலைப்பழம் குடுத்துவிட்டவ, கிடைச்சதோ?"

"கிடைச்சது," என்றேன்.

என் முகத்தில் எதையோ கண்டிருக்க வேண்டும். அவருடைய சிரிப்பு மெல்ல இறங்கியது. "நான் ஏதும் பிழையாக் கதைச்சிட்டனோ பிள்ளை?"

"இல்லை ஐயா. இருங்கோ, தேத்தண்ணி சொல்லுறன்."

அன்று வேலை முடிந்து பஸ்சுக்கு நடந்தபோது நான் உன்னிடம் கேட்ட முதற் கேள்வி, "என்ர காற்சட்டை எங்க?" என்பதுதான். வேறு எதைக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. நீ அந்த இடத்திலேயே நின்றுவிட்டாய். பொய் சொல்ல நீ முயலவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

"செல்வி தானும் வரப்போறன் எண்டவள். ஜீப்பில ரெண்டு பேருக்குத்தான் இடம். அவள் சந்தோசப்பட்டால் தமையனிட்ட என்னைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லுவாள். நான் என்ன செய்ய?"

"என்னட்டைச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னால் விட்டிருப்பியோ?" பிறகு குரல் உடைந்து சொன்னாய்: "உனக்கு எல்லாம் சரிவந்திட்டுது. எனக்கு ஆர் இருக்கினம்?"

"சரிவந்ததோ? அந்த ஓமை நான் எதுக்காகச் சொன்னனான் எண்டு உனக்கு மட்டும்தான் தெரியும்."

உப்புவெளி பஸ் வந்தது. ஏறிக்கொண்டாய். நான் அடுத்த பஸ்சுக்கு நின்றேன்.

என் கலியாணத்துக்கு உன்னைச் சொல்லவில்லை. மணவறையில் அம்மா குனிந்து, "உன்ர சிநேகிதியைக் காணேல்லையே?" என்று கேட்டா. "நெருப்புக்காய்ச்சலாம்," என்றேன். அம்மா பாவம், உனக்காக நேர்த்தி வைத்தா. அடுத்த தையில் அந்த வங்கிக்காரருக்கும் உனக்கும் கலியாணம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பயணம் உனக்கொரு புருஷனைத் தேடித் தந்தது. எனக்கும்தான்.

என் புருஷன் நல்லவர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் உன்மேல் பழி போடுவது எனக்குச் சுலபமாயிருந்திருக்கும். மூதூரில் வந்து குடியேறி, பிள்ளைகள் பெற்று, குறையில்லாமல் இருப்பவள், பார்க்காமற் போன ஒரு காட்டுக்காக ஒருத்தியோடு கதைக்காமல் இருக்கிறாள் என்று சொன்னால் யாருக்கு விளங்கும்?

ஒரேயொரு தடவை நீ என் வீட்டுக்கு வந்தாய். என் மூத்தவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் அது. மெலிந்திருந்தாய். தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாய்.

"அங்க நான் ஒண்டையும் பாக்கேல்லையடி," என்றாய். "செல்விக்குப் பூச்சி கடிக்கும், வெயில் சுடும், தனியப் படுக்கப் பயம். அவளுக்குப் பின்னால திரிஞ்சதோட நாள் போயிட்டுது. கரடி நிக்குது எண்டு மாமா வந்து கூப்பிட்டவர். அவள் போகவேண்டாம் எண்டாள். நானும் போகேல்லை."

நீ அதைச் சமாதானமாகத்தான் சொன்னாய். எனக்கு ஆறுதலாயிருக்கும் என்று நினைத்திருப்பாய். எனக்கோ அடக்க முடியாத ஆத்திரம் வந்தது. என்னிடமிருந்து பிடுங்கியதை நீயாவது அனுபவித்திருக்கக் கூடாதா? நம் இரண்டுபேரில் ஒருத்தியாவது அந்தக் கரடியைப் பார்த்திருக்கலாமே. அப்படியே வீணாக எறிவதற்கா என்னை விட்டுவிட்டுப் போனாய்? "தேத்தண்ணி ஆறுது, குடி," என்று மட்டும் சொன்னேன். நீ குடித்துவிட்டு லோஞ்சுக்குப் போனாய். வழியனுப்ப நான் வரவில்லை.

பிறகொரு நாள் எல்லாவற்றையும் இவரிடம் சொன்னேன். கலியாணத்துக்கு நான் எதற்காக ஓம் சொன்னேன் என்பதையும். மனம் நோவாரென்று பயந்தேன். அவர், "அப்ப போவம். ஆனி மாசம்தானே?" என்றார். போனோம். உன் மாமா அப்போது ஓய்வுபெற்றுவிட்டார். வேறொரு காவலாளி எங்களைக் காட்டுக்குள் கூட்டிப்போனார். இரண்டாம் நாள் மாலையில் அவர் கையைக் காட்டிய இடத்தில், ஒரு பாலை மரத்தின் கவட்டில், கரிய மூட்டை போல ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு அது ஒரு காலை நீட்டிச் சொறிந்தது. பிள்ளைகள் மூச்சு விடவில்லை. நான் பக்கத்தில் திரும்பி, "பாரடி!" என்றேன்.

பக்கத்தில் நின்றவர் என் புருஷன்.

இன்று லோஞ்சில் போகும்போது மகள் வழக்கம்போல முணுமுணுத்தாள். "அம்மா எங்க கூட்டிக்கொண்டு போறா எண்டு வெளிக்கிட்டாப் பிறகுதான் எங்களுக்கே தெரியும்." இவர் சிரித்தார். என் குணம் அப்படி என்று நினைக்கிறார். கந்தோரில் உனக்கு முன்னால் இருந்து நாள் முழுக்க வாயோயாமல் திட்டம் போட்டவளை இவருக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கும் தெரியாது. தெரிந்திருந்தவள் நீ ஒருத்திதான்.

பயணத்தை நீ எடுத்துக்கொண்டதை நான் எப்போதோ மனதிலிருந்து விட்டுவிட்டேன். ஆனால் ஒரு ஆசை வந்தால் அதை இன்னொருத்தியிடம் சொல்லி, இரண்டுபேருமாக இருந்து நாள்தோறும் பெரிதாக்கும் அந்தச் சந்தோஷம் இருக்கிறதே, அது உன்னோடு போனது. அதன்பிறகு நான் புதிதாக ஆசைப்பட்ட எதையும், அது நடந்து முடியும்வரை, யாரிடமும் சொன்னதில்லை.