நரிக்கு முன்னால் நீ போன வழி

இன்று காலை பேகம்பேட் அலுவலகத்தில் அலமாரியைத் திறந்தபோது நரி போகுமிடத்தைச் செயற்கைக்கோள் வழியாகப் பதிவுசெய்யும் அந்தப் பழைய கழுத்துப்பட்டை கையில் தட்டுப்பட்டது. நரியின் கழுத்திலிருந்து கழற்றி எத்தனையோ நாளாகியும் வாடை போகவில்லை. நீ இருந்திருந்தால் முகர்ந்துவிட்டு என் மூக்கருகே நீட்டியிருப்பாய். ஏற்கெனவே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதன் பிறகு நாற்காலியில் உட்காரவே முடியவில்லை.

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே நாம் பட்டை கட்டிய நரிகள் பெரிய சாலையைக் கடக்குமே, அந்தச் சுரங்கப்பாதைக்குக் கதவு போடப் போகிறார்கள். இரவு பதினொன்றிலிருந்து விடியும்வரை பூட்டு. பக்கத்தில் புதிதாக வந்த குடியிருப்பின் ஏற்பாடு. நரிகள் எப்போது போய் எப்போது திரும்புகின்றன என்று இன்று மாலைக்குள் நாங்கள் எழுதித் தர வேண்டும். தடங்களெல்லாம் நீ சேமித்துவைத்த கோப்புகளில் இருக்கின்றன. நீ பயன்படுத்திய மென்பொருள்தான் இப்போது எந்தக் கணினியிலும் ஓடுவதில்லை.

புதியதில் இறக்குமதி செய்தேன். நரிகள் பிற்பகல் வெயிலில் கிளம்பி, இரவு பத்தரைக்கெல்லாம் வளைக்குத் திரும்பியிருந்தன. அப்படியானால் கதவால் அவற்றுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. செயற்கைக்கோள் தருவது லண்டன் நேரம். நம்முடையது ஐந்தரை மணி முன்னால். சேமிக்கும்போது நீ மாற்றினாயா, அப்படியே விட்டாயா? அதைச் சொல்ல உன் கோப்பில் ஒரு வரி கிடையாது. மாற்றவில்லை என்றால் நரிகள் திரும்புவது விடியற்காலை நாலு மணிக்கு. கதவுக்கு இந்தப் பக்கம் அவை நிற்கும், குட்டிகள் அந்தப் பக்கம்.

பக்கத்து மேஜை லாவண்யா தமிழ்ப் பெண்தான், பதில் மட்டும் தெலுங்கில் வரும். "பாத டேட்டா கதா அக்கா, வதிலெய்யண்டி." பழசுதானே, விட்டுவிடுங்கள் என்கிறாள். உன்னைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாய். போன மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் அதற்கு இடம் வைக்கவில்லை. உன் மேல் கோபமே வந்தது எனக்கு.

தாழ்வாரத்தில் நடந்தேன். டீ ஆறிப்போனது. மறுபடி இறக்குமதி செய்யும்போதுதான் மூலையில் அந்தக் கட்டத்தைப் பார்த்தேன்: 'சந்தேகப் புள்ளிகளை நீக்கு'. நாம் கேட்காமலே அதில் டிக் இருந்தது. நரியால் ஓட முடியாத வேகத்தில் எது நகர்ந்தாலும் மென்பொருளே தள்ளிவிடுமாம். டிக்கை எடுத்தேன். நரிக்கு முன்னால், லோத்குண்டாவில் உன் வீட்டு வாசலிலிருந்து ஒரு கோடு கிளம்பியது.

மறந்தே போயிருந்தேன். எந்தப் பட்டையையும் நரிக்குக் கட்டும் முன் ஒரு நாள் உன் சாப்பாட்டுப் பையில் போட்டு ஸ்கூட்டியில் கொண்டுவருவாய். நான் சிரித்தால், "கைக்கு டி சிரிக்கற? எனக்கே வேலை செய்யலன்னா நரிக்கு என்னத்த செய்யும்?" என்பாய். 'கைக்கு' என்றால் ஏன்; இந்த ஊர் உருது உன் தமிழில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கோடு ராணுவச் சுவரை ஒட்டி வளைந்து, ஓரிடத்தில் புள்ளிகளாகக் குவிந்து நின்றது. அங்கே காலையில் நிற்கும் இட்லி பண்டி, தள்ளுவண்டிக் கடை. பாவி, நான் டப்பாவை நீட்டும்போதெல்லாம் "நக்கோ டி, வேண்டாம், வீட்லயே ஆச்சு" என்றாயே. அம்மா செய்த உப்புமாவுக்குத் தப்பித்து அங்கே நின்றிருக்கிறாய். சிரித்துக்கொண்டே நேரத்தைப் பார்த்தேன். விடியற்காலை மூன்று மணி என்று போட்டிருந்தது. மூன்று மணிக்கு எந்தப் பண்டியில் இட்லி கிடைக்கும்? ஐந்தரை மணியைக் கூட்டினேன். எட்டரை. நீ நேரத்தை மாற்றவே இல்லை.

லாவண்யாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். உன்னை அவள் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவாள். "ஆன்ட்டி ஸ்கூட்டியா இது?" என்று அவள் தமிழில் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேரத்தைத் திருத்தி அறிக்கையை அனுப்பிவிட்டேன். கேட்பார்களா, தெரியாது. பதில் வரும்வரை எனக்குத் தூக்கம் பிடிக்காது. உன் தடத்தைத் தனியாகப் புதிய வடிவத்தில் ஏற்றுமதி செய்தபோது 'விலங்கின் பெயர்' கேட்டது. காலியாக விட்டால் சேமிக்க மாட்டேன் என்றது. உன் பெயரைப் போட்டேன்.

அடுத்த நரிக்கான பட்டை இப்போது என் பையில் இருக்கிறது. சனத்நகரில் என் வீட்டிலிருந்து லோத்குண்டா சுற்றுவழிதான், ஆனாலும் நாளை அப்படித்தான் வரப்போகிறேன். அந்தப் பண்டியில் நிற்பேன். அலுவலகத்தில் லாவண்யா டப்பாவை நீட்டினால், வீட்டிலேயே ஆயிற்று என்று சொல்வேன்.