நட்சத்திரம் இல்லாத ஜன்னல்

பாசமுள்ள மகனுக்கு,

கிறிஸ்துமஸுக்கு உன் ஜன்னலில் கட்ட ஒரு காகித நட்சத்திரம் வாங்கிக்கொண்டு, முதியோர் இல்லத்தில் அனுமதி கேட்டு, கடலூரிலிருந்து பஸ் ஏறி நேற்று சாயங்காலம் சிதம்பரம் வந்தேன். வீடு பூட்டியிருந்தது. தெருவில் உன் ஜன்னல் மட்டும் இருட்டு.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த எஸ்தர் என்னை யாரென்று தெரியாமல் சொன்னாள்: "அவுங்க அம்மா அக்டோபர்ல தவறிட்டாங்க. துக்க வீட்ல அந்த வருஷம் ஸ்டார் கட்ட மாட்டாங்கல்ல?"

நானும் உச்சுக்கொட்டினேன். எதனால் என்று கேட்டேன். காய்ச்சலாம். ஒரு கௌரவமான வியாதிகூட எனக்குத் தர உனக்கு மனசு வரவில்லை. மூன்று நாள் லீவு வேறு போட்டாயாம். அதில் ஒரு நாள் வந்து என்னைப் பார்த்திருக்கலாம். என்னை இல்லத்தில் விட்டதைச் சொல்லத்தான் உனக்கு வெட்கம், சாகடித்ததைச் சொல்ல வெட்கமில்லை.

நட்சத்திரத்தை உன் ஜன்னல் கம்பியில் கட்டப் போனேன். "துக்க வீடும்மா!" என்று எஸ்தர் பதறினாள்.

"செத்துப்போன அம்மா நான்தான்" என்றேன்.

பிறகு அவளே ஸ்டூல் பிடித்தாள், தன் வீட்டிலிருந்து வயர் இழுத்து விளக்கும் போட்டாள். அவிழ்ப்பதானால் அவளிடம் காரணம் சொல்லிவிட்டு அவிழ்.

இப்படிக்கு,
காய்ச்சல் விட்டுப்போன உன் அம்மா