நாலு நிமிசம் மிச்சம்

அக்கா,

காலேஜ விட்டுட்டேன். தேனியில கேசட்டுல பாட்டுப் பதிஞ்சு குடுக்குற கடையில வேலை. நீ யார்ட்டயும் சொல்லாமக் கல்யாணம் பண்ணிட்டுப் போன அன்னைக்கு, அப்பா உன் கேசட்டுகளப் பரண்ல தூக்கிப் போட்டாக. போன மாசம் எடுத்து, "இதுல வேற பாட்டப் பதிஞ்சு வித்துரு"ன்னாக. பதிஞ்சேன். ஒண்ணக்கூடக் கேட்டுப் பாக்கல.

போன வாரம் பழனிசெட்டிபட்டி செல்லப்பாண்டி அண்ணன் ஒரு கேசட்டோட திரும்பி வந்தாரு. "ஏலே, எம் பாட்டு முடிஞ்ச பெறகு யாரோ பொட்டி வாசிக்கிறாக. எம் பொண்டாட்டி அத மட்டும் திருப்பித் திருப்பிப் போடுறா. அது முழுசா இருக்கா?"

போட்டேன். பியானோ. கழட்டிப் போட்ட பழைய அட்டையத் தேடி எடுத்தேன். உன் எழுத்து. "ஷோபான். இருக்கதுலயே அழகு." பியானோவுக்குப் பாட்டு எழுதுன வெளிநாட்டுக்காரராமே.

இடது கை நிதானமா நடக்குது. வலது கை என்னமோ சொல்ல வந்து, சொல்லாமத் திரும்புது. மறுபடியும் வருது. வீட்டுல இப்ப யாரும் யார்ட்டயும் பேசுறதில்லக்கா. அதான் அதயே கேட்டுக்கிட்டு இருக்கேன். மத்த எல்லாத்தயும் அழிச்சிட்டேன். இந்தக் கடைசி நாலு நிமிசந்தான் மிச்சம். அண்ணனுக்குப் புதுசு குடுத்துட்டு இத வாங்கி வச்சிருக்கேன்.

நேத்து அது ஓடுறப்ப அப்பா கடைக்கு வந்துட்டாக. நிறுத்தப் போனேன். "இருக்கட்டும்"னாக. முடியுற வரைக்கும் நின்னாக.

"இதுக்கு முன்னாடி உள்ளது எங்கடா?"

"நீங்கதானப்பா அழிக்கச் சொன்னீக."

அப்பா செருப்ப மாட்டிக்கிட்டே, "அப்ப அவளத்தான் கேக்கணும்"னாக.

அதான் கேக்குறேன்.

அழிச்சவன்,
உன் தம்பி