படிக்கட்டு: குறை ஏதுமில்லை

4ஆம் தேதி

அக்கா,

நான் நலம். அப்பாவும் நலம், அவர் சொல்கிறபடி. போனில் ஒழுங்காகப் பேசுவதில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. நான் கூடத்தில் பேசத் தொடங்கினால் மாடியில் அவர் நாற்காலியை அசைப்பதை நிறுத்திவிடுகிறார். காது இன்னும் கூர்மை. அதனால் கடிதம்.

நெற்றித் தையலைப் பிரித்தாகிவிட்டது. கடைசிப் படியில் தடுக்கி விழுந்தவர் அதற்குப் பத்துப் படி மேலே தடுக்கியிருந்தால் என்று நான் யோசிப்பதில்லை. யோசிப்பதில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

கண் மருத்துவர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். போன பார்வை திரும்பாது, இருப்பதும் மெல்லக் குறையும், மாடிப்படி உள்ள வீடு இனி வேண்டாம். அப்பாவைக் கேட்டால், "கண்ணுக்கு ஒண்ணும் இல்லடா, ஏதோ யோசனைல எறங்கிட்டேன்" என்கிறார். ஆனால் வீட்டை விற்கலாம் என்றதும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அந்த மறுபேச்சின்மைதான் உறுத்துகிறது. அவர் வருகிறாரா, நான் இழுத்துக்கொண்டு போகிறேனா. தெரியவில்லை.

என் வேலையிடத்துக்கு இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்திருக்கிறது. ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவருடையது. வாசலில்கூடப் படி இல்லை. மாதக் கடைசி வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் இது விற்றாக வேண்டும். இல்லையென்றால் அது கைவிட்டுப் போகும். எங்களுக்கு இந்தப் பதினாறு படிகள்தான் மிஞ்சும்.

வீடு பார்க்க வருகிறவர்கள் மாலை நான்கிலிருந்து ஆறுக்குள் வருகிறார்கள். அப்போது நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருப்பேன். அப்பாதான் சுற்றிக் காட்டுகிறார். தரகர் வாசலில் போன் பேசிக்கொண்டு நிற்பார். பிறகு ஏழு மணிக்கு என்னைக் கூப்பிட்டு, வந்தவர்கள் சொன்னதை ஒப்பிப்பார். நல்ல மனிதர். எதைச் சொன்னாலும் "பண்ணிடலாம் தம்பி" என்பார். அப்பா அவருக்குப் பண்ணிடலாம் என்றே பெயர் வைத்துவிட்டார்.

வந்தவர்கள் சொன்னதைக் கேள்.

வங்கியில் வேலை செய்யும் கணவன் மனைவி: "ஜன்னல் எல்லாம் நம்மளையே பாக்குற மாதிரி இருக்கு." நான் திரைச்சீலை வாங்கி மாட்டினேன். அடுத்து வந்தவர்கள் இருட்டு என்றார்கள். கழற்றினேன். ஒரு பாட்டு டீச்சர் சமையலறையில் நின்று ஒரே ஒரு சுரம் பாடிப் பார்த்துவிட்டு, எதிரொலி சுருதி சேரவில்லை என்று போய்விட்டார். ஒருவர் எந்த அறையையும் பார்க்கவில்லை. நேராகக் கழிப்பறைக்குப் போய், மூடியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, எழுந்து, "முட்டி இடிக்குது" என்றாராம். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் சொன்னதுதான் உச்சம். "எங்க போனாலும் அழுவான். இங்க அழவே இல்ல. என்னமோ சரியில்ல."

புதிதாகக் கல்யாணமான இருவர் மாடி வரை போய்விட்டு இறங்கி வந்து, "ரொம்ப சந்தோஷமா இருந்தவங்க வீடு மாதிரி இருக்கு, அந்த அளவுக்கு நம்மால முடியாது" என்று சொன்னார்களாம். அதை மட்டும் பண்ணிடலாமை இன்னொருமுறை சொல்லச் சொன்னேன்.

இதெல்லாம் போகட்டும், சிரித்துவிடலாம். சிரிக்க முடியாதது வேறு. மூன்று பேர், வெவ்வேறு நாட்களில் வந்தவர்கள், பின்னறைக் கதவு மழைக்கு வீங்குமாமே என்று கேட்டிருக்கிறார்கள். மழை பெய்து நான்கு மாதம் ஆகிறது. மாடிக் குழாய் அடைத்துக்கொள்ளுமாமே என்று இருவர். யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள், அக்கா. எனக்கு எதிர்வீட்டு அம்மாள் மேல் சந்தேகம். நாளை கேட்டுவிடப் போகிறேன்.

எங்களுக்காக வேண்டிக்கொள்ளாதே, உனக்கு அது பழக்கமில்லை. ஏழு மணிக்கு நினைத்துக்கொள், போதும்.

உன் தம்பி

17ஆம் தேதி

அக்கா,

முதலில் ஒரு வெட்கக்கேடு. எதிர்வீட்டு அம்மாளிடம் கேட்டேன். "எனக்கு வேற வேலை இல்லையா தம்பி? உங்க வீட்டுக் குழாயோட சரித்திரம் எனக்கு எதுக்கு? எங்க வீட்டுக் குழாயையே பாக்க ஆளில்ல" என்று கதவைச் சாத்திவிட்டார். சாத்தியது நியாயம்.

நேற்று மின்சாரம் நின்று பரிசோதனைக் கூடத்தைச் சீக்கிரம் மூடினார்கள். ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். வாசலில் பண்ணிடலாம், போனில். உள்ளே, படிக்கட்டின் கீழே அப்பா. இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா. எதிரில் ஒரு கணவன் மனைவி. அவர்கள் கையில் ஆளுக்கு நான்கு தாள்.

சொல்லிக் கொடுத்தது அவர்தான்.

சொல்லவில்லை, எழுதிக் கொடுத்திருக்கிறார். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்தவர் வேறு எப்படி ஒரு வீட்டைக் காட்டுவார்? தலைப்பு: ஆய்வறிக்கை. மூன்று பிரிவுகள். உடனே சரிசெய்ய வேண்டியவை. மூன்று மாதத்துக்குள். கவனித்து வரவேண்டியவை. மொத்தம் நாற்பத்தொன்று. கடைசியில் தேதி, கையெழுத்து. நகல் எடுக்கும் கடையில் முப்பது பிரதி எடுத்து அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார்.

வந்தவர்கள் போன பிறகு நான் கத்தினேன். நீ இருந்தால் என் வாயைப் பொத்தியிருப்பாய். இது லிஃப்ட் இல்லப்பா, வீடு, யாராவது விக்கிற பொருளுக்குக் குத்தப்பத்திரிகை வாசிப்பாங்களா, மாதக் கடைசிக்கு இன்னும் பதினாலு நாள்தான் என்றெல்லாம். அவர் நான் முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்: "நாலு பேர் கால் வைக்கப் போற எடம். குறையை மறைச்சுக் கையெழுத்துப் போட எனக்குத் தெரியாதுடா." நான், இனிமேல் ஒரு தாள்கூட வெளியே போகக் கூடாது என்றேன். சரி என்றார். மறுபேச்சில்லாமல்.

தாள்களை எல்லாம் என் பையில் திணித்துக்கொண்டேன்.

இன்று மதிய உணவு இடைவேளையில் அதை முதன்முறையாக முழுதாகப் படித்தேன். எழுத்து பெரிதாக இருக்கிறது. வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. சில இடங்களில் கோட்டைத் தாண்டிப் போய்த் தாளின் ஓரத்தில் முட்டி நிற்கின்றன. இருபத்தேழாவது வரி இது:

படிக்கட்டு. பதினாறு படிகள். உயரம் சமம். கைப்பிடி உறுதி. குறை ஏதுமில்லை.

சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

நெற்றியில் ஏழு தையல் போட வைத்த படி அது. அதில் குறை இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். படியில் குறை இல்லையென்றால் குறை யாரிடம்? என்னிடம், மருத்துவரிடம், உன்னிடம் சொல்லாததை முன்பின் தெரியாத முப்பது பேருக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் இந்த மனிதர்.

மாலையில் தாள்களைத் திரும்பக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தேன். வீடு விற்காமல் போனாலும் போகட்டும் என்று தோன்றியது. அடுத்த நிமிடமே, போகக் கூடாதே என்றும்.

நான் செய்தது சரியா என்று எழுது. தப்பு என்றால் மெதுவாக எழுது.

உன் தம்பி

27ஆம் தேதி

அக்கா,

விற்றாகிவிட்டது. இந்த ஒரு வரியை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இனி நிதானமாகச் சொல்கிறேன்.

வாங்குகிறவர் ஒரு பெண், பேருந்து ஓட்டுநர். நாற்பது வயதிருக்கும். பள்ளிக்குப் போகும் இரண்டு மகள்கள், தனியாக வளர்க்கிறார். திங்கட்கிழமை வந்து அறிக்கையை வாங்கிக்கொண்டு போனவர், புதன்கிழமை திரும்பி வந்தார். விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் வீட்டில் இருந்தேன். தாள் கசங்கியிருந்தது. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு கோடு.

இதுவரை பத்தொன்பது வீடு பார்த்தாராம். "எல்லாரும் சூப்பர் வீடும்மா, சூப்பர் வீடும்மாங்குறாங்க. சூப்பர்னா எதுக்கு விக்கிறீங்கன்னு கேட்டா மூஞ்சிய திருப்பிக்கிறாங்க" என்றார். அவருடைய பணிமனையில் ஒரு வழக்கமாம். வண்டியை விட்டு இறங்கும் ஓட்டுநர், அடுத்து ஓட்டப்போகிறவருக்காக அதன் குறைகளைச் சீட்டில் எழுதிச் சொருகிவிட்டுப் போக வேண்டும். சீட்டு இல்லாத வண்டியை யாரும் எடுக்க மாட்டார்களாம். "குறை இல்லாத வண்டி ஏது சார்? எழுதாத வண்டிதான் பயம்" என்று அவர் சொன்னபோது அப்பா இரண்டு அங்குலம் வளர்ந்தார்.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது.

"ஆனா சார், ஒண்ணு தப்பா எழுதியிருக்கீங்க" என்றார் ஓட்டுநர். "இருபத்தேழு. உயரம் சமம்னு போட்டிருக்கீங்க. கடைசிப் படி சமமில்ல. நாள் பூரா பிரேக் மிதிக்கிற கால் இது, இறங்கும்போதே சொல்லிடுச்சு."

அப்பா அளவு நாடாவை எடுத்துவரச் சொன்னார். தரையில் உட்கார்ந்து, நாடாவைப் பிடித்து, முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், தள்ளி, மறுபடி கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். கடைசியில் நாடாவைக் கீழே வைத்துவிட்டு விரல்களால் தடவினார். மற்ற எல்லாப் படியும் ஒரு சாண். அது மட்டும் இரண்டு விரல் குட்டை.

கூடத்தில் பழைய தரையின் மேலேயே புதிய டைல்ஸ் ஒட்டினோமே, நீ வேலை கிடைத்து அங்கே போன வருடம். தரை உயர்ந்தது, படி குறைந்தது. கண் நன்றாக இருந்தவரை யாருக்கும் உறைக்கவில்லை.

அப்பா தரையிலிருந்து எழவில்லை. "அளக்கலடா" என்றார் என்னிடம். "கட்டும்போது அளந்தது. அதையே எழுதிட்டேன். நாடாவுல நம்பர் தெரியல. அளக்காம கையெழுத்துப் போட்டது வாழ்க்கையிலயே இதுதான் மொத தடவ." சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். வெகு நாட்களுக்குப் பிறகு கேட்கிற சிரிப்பு. "அப்ப நான் விழுந்ததுக்குப் படி பாதி, கண்ணு பாதி."

கண்ணு என்றார், அக்கா. அவர் வாயால்.

பிறகு மேசைக்கு வந்து உட்கார்ந்தார். பேனாவை என் பக்கம் நீட்டினார். "நீ எழுது. எனக்குக் கோடு தெரியல." அவர் சொல்லச் சொல்ல, உடனே சரிசெய்ய வேண்டியவை என்ற பிரிவில் நாற்பத்திரண்டாவதை எழுதினேன். இருபத்தேழை அடித்தேன். கையெழுத்தை மட்டும் அவர் போட்டார். எங்கே போட வேண்டும் என்று அவர் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன். ஓட்டுநர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நல்ல மனுஷி.

முன்பணம் கைமாறிவிட்டது. நர்ஸம்மாவுக்கும் சொல்லியாகிவிட்டது. பண்ணிடலாமிடம் சொன்னபோது, வாழ்க்கையில் முதன்முறையாக, "பண்ணியாச்சா தம்பி!" என்றார். வரும் ஞாயிறு சாமான்களை ஏற்றுகிறோம். எந்த அறை தனக்கு என்று அப்பா அவராகவே கேட்டார். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும் என்றும். இழுத்துக்கொண்டு போகவில்லை நான். அவர் வருகிறார். பத்து நாளாகச் சரியாகத் தூங்காதவன் நேற்று எட்டு மணி நேரம் தூங்கினேன்.

இன்று காலை அவராகவே மருத்துவரிடம் போகலாம் என்றார். வழியில், எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். சொன்னார். நேராகப் பார்த்தால் நடுவில் யாரோ ரப்பரால் அழித்த மாதிரி இருக்கிறதாம். ஓரத்தால் பார்த்தால் எல்லாம் இருக்கிறதாம். மருத்துவமனை வாசலில், உனக்கு விடுமுறை எப்போது என்று கேட்டார். கேட்டதாக எழுத வேண்டாம் என்றும் சொன்னார். நீ அங்கே வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம், அது அவருக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. பத்து நாள் கிடைத்தால் போதும். இந்த வருடத்துக்குள் கிடைத்தால் நல்லது.

வந்தால் அவருக்கு நேர் எதிரில் உட்காராதே, அக்கா. சற்றுப் பக்கவாட்டில், இடதுபுறமாக உட்கார். அங்கே உன் முகம் முழுதாகத் தெரியும்.

உன் தம்பி