கடைசி ஆட்டத்தில் வந்த இருமல்

ஞாயிறு, ஆம்பூர்.

கிளப் பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டியில் எனக்கும் என் ஜோடி ஷகிலாவுக்கும் இரண்டாம் இடம். கடைசி ஆட்டத்தில் என் சீட்டுகளை விரித்து வைத்துவிட்டேன். அதன் பிறகு விதிப்படி என் சீட்டையும் சேர்த்து ஷகிலாதான் ஆட வேண்டும், நான் வாயே திறக்கக் கூடாது. அவள் விரல் இதயம் போட்ட ஆட்டின் ராணியிடம் போனது. அதைப் போட்டால் ஆட்டம் போச்சு. எனக்கு இருமல் வந்தது. உடனே ராஜாவைப் போட்டாள். இருமிச் சைகை காட்டினேன் என்று எதிர் ஜோடி புகார் சொல்ல, நடுவர் பாயின்ட்டைக் குறைத்துவிட்டார்.

“இருமறதுக்கு வேற நேரமே கெடைக்கலியா ஜானகி?” என்றாள் ஷகிலா.

“தொண்ட கரகரன்னுச்சு, நான் இன்னா பண்றது?”

“அடுத்த போட்டிக்கு என் மருமகளச் சேத்துக்கறேன். அவ இரும மாட்டா.”

வீட்டில் பேத்தி, “ஆயா, கப்பு எங்க?” என்றாள். தூசி, இருமல் என்று அவளிடமும் சொன்னேன்.

அது இருமல் இல்லை. நாளைக்கு ஷகிலாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் தப்பு என்னுடையது என்று அவளிடம் ஒரு தரம்கூடச் சொன்னதில்லை.